இடக்கரடக்கல்: ஒரு சட்டத்தின் மொழி குறித்து

எம்.ஏ. முதலாண்டில் நன்னூல் நடத்திய ஆசிரியர் ஒருநாள் தகுதி வழக்குக்கு வந்தார். நாலு பேர் நடுவில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தேன்' என்பது உதாரணம். தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இதுதான் உதாரணம், இதற்குத்தான் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கம்மா அப்போது மதுரையில் தெருக் கூட்டிக்கொண்டிருந்தார். பாட்டி எடுப்புக் கக்கூஸ் காலத்து மனுஷி. தகரவாளியும் பனைமட்டையுமாக அலைந்தவள். கழுவிவிட்டு வந்தவனுக்கு இலக்கணத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை அள்ளிக்கொண்டு வந்தவளுக்கு என்ன சொல் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்ததாக இன்றுவரை எனக்கு ஒரு நினைப்பு. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

தகுதி வழக்கில் இன்னும் இரண்டு உண்டு. சாவு போன்ற அமங்கலத்தை நல்ல சொல்லால் மூடிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பாடம். தேர்வு எழுதி இதையெல்லாம் மறந்தும் போனேன். பிறகு 2022இல் ஒரு சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலவாசல் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் முன்னால் உட்கார்ந்தபோதுதான் மூன்றும் மொத்தமாகத் திரும்பி வந்தன.

அந்தப் புத்தகம்தான் இந்தக் கட்டுரையின் விமர்சனத்துக்குரிய நூல். 2013ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை அமர்த்துவதைத் தடை செய்வதும் அவர்களுக்கு மறுவாழ்வு தருவதும் அதன் நோக்கம். மொத்தம் முப்பத்தொன்பது பிரிவுகள். ஆசிரியர்: இந்தியப் பாராளுமன்றம் என்று போட்டுக்கொள்ளலாம். உண்மையான ஆசிரியர் யார் என்பதுதான் கட்டுரையின் பாதிப் பிரச்சினை.

சட்டத்தையெல்லாமா விமர்சனம் செய்வது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் சிறுபத்திரிகைகளில் கட்டுடைக்காத பிரதி ஏதாவது மிச்சம் உண்டா? இதிகாசம் முதல் சினிமாப் பாட்டு வரை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறோம். எந்தப் பிரதியில் ஒரு சொல் இடம் மாறினால் மதுரையில் ஒரு குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும் என்கிற நிலை இருக்கிறதோ, அதை மட்டும் வக்கீல்களுக்கு விட்டுவிட்டோம். தமிழ் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அதில் நிறைய இருக்கிறது.

இதற்கு முன்னால் 1993இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 'கையால் மலம் அள்ளுபவர்' என்றால் மனித மலத்தைக் கையால் சுமந்து செல்லும் வேலையில் இருப்பவர். சுமக்க வேண்டும், சுமந்தால்தான் ஆள். குழிக்குள் இறங்குகிறவன் அந்த வரையறையில் வரவே மாட்டான். அந்தச் சட்டத்துக்கு 1993 ஜூனில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்ததோ 1997 ஜனவரி 26. மூன்றரை வருஷம் ஒரு சட்டம் பிறந்தும் மூச்சுவிடாமல் கிடந்திருக்கிறது. அது எந்தத் தலைப்பின் கீழ் போடப்பட்டது என்பதும் கவனிக்கத் தக்கது. பொதுச் சுகாதாரம், துப்புரவு என்னும் மாநிலப் பட்டியல் தலைப்பு. மாநில அதிகாரத்தில் உள்ள விஷயம் என்பதால் ஆறு மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகு, அரசியல் சாசனத்தின் 252ஆவது பிரிவு வழியாகத்தான் பாராளுமன்றம் அதைத் தொட்டது. மற்ற மாநிலங்கள் விரும்பினால் பின்னால் சேர்ந்துகொள்ளலாம். ஒரு மனுஷி தலையில் பீ சுமப்பது ஊர்ச் சுத்தம் சம்பந்தப்பட்ட பிரச்சினையாகப் பார்க்கப்பட்டது. அவளுடைய மானம் சம்பந்தப்பட்டதாக அல்ல. பெஜவாடா வில்சன் போன்றவர்கள் தொடங்கிய சஃபாய் கர்மச்சாரி அந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது, வருஷக்கணக்கில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தது, இதெல்லாம் நடந்த பிறகுதான் 2013 சட்டம்.

ஆகவே 2013 சட்டம் சும்மா கிடைத்ததல்ல. சாக்கடைக் குழியும் செப்டிக் டேங்கும் முதன்முறையாக உள்ளே வந்தது இதில்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மேலவாசலுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பழங்காநத்தம் பக்கம் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். குடியிருப்பில் எல்லோருக்கும் அதே பேச்சு. சட்டம் என்னதான் சொல்லுது, வந்து வாசிச்சுக் காட்டு என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் ஆங்கில மூலத்தை வைத்துக்கொண்டு வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாம் பிரிவில் வரையறைகள். கையால் மலம் அள்ளுபவர் யார் என்று நீண்ட வாக்கியம் ஒன்று. சுத்தம் செய்தல், சுமத்தல், அப்புறப்படுத்தல், எந்த வகையிலாவது கையாளுதல். சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம். பெண்கள் தலையாட்டினார்கள். எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த இடங்கள். அந்த வாக்கியம் முடிந்த பிறகு கீழே 'விளக்கம்' என்று ஒன்று வருகிறது. மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளின் துணையோடும், அறிவிக்கும் பாதுகாப்பு உறைகளைப் பயன்படுத்தியும் மலத்தைச் சுத்தம் செய்கிறவர், 'கையால் மலம் அள்ளுபவர்' எனக் கருதப்படமாட்டார்.

முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். முப்பது வருஷம் மஸ்டரில் நின்றவர்.

"இருத்தா. அப்ப கையில உறையை மாட்டிட்டா நாங்க அள்ளுறது பீ இல்லையாக்கும்?"

கூட்டம் சிரித்தது. எங்கள் வகுப்பில் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு. நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு நேராக ஒரு பிரதியின் கழுத்தைப் பிடித்ததில்லை. இனி நான் எழுதுவதெல்லாம் அந்தக் கேள்விக்கு எழுதும் உரைதான்.

'கருதப்படமாட்டார்' என்பது செயப்பாட்டுவினை. கருதாதவர் யார்? எழுவாய் இல்லை. ஆங்கிலச் சட்ட மொழியில் இதற்கு 'டீம்ட்' என்று ஒரு சொல். ஒன்றை, அது அல்லாத இன்னொன்றாகக் கருதிக்கொள்ளச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டக்காரர்களே அதைச் 'சட்டப் புனைவு' என்கிறார்கள். நாமும் புனைவு எழுதுகிறோம், ஆனால் நம் புனைவில் ஒரு பாத்திரம் காணாமல் போனால் நிஜத்தில் யாரும் போவதில்லை. இங்கே பீ அப்படியே இருக்கிறது, அள்ளுகிற ஆள் அப்படியே இருக்கிறார், கூலி அப்படியே இருக்கிறது. வரையறையிலிருந்து ஆள் மட்டும் போய்விட்டார். கணக்கெடுப்பில் அவர் பேர் வராது. பேர் வராவிட்டால் மறுவாழ்வுப் பிரிவில் சொல்லியிருக்கிற பிள்ளைகளின் உதவித்தொகை, மனை, தொழிற்பயிற்சி, கடன் எதுவும் கிடையாது.

சாக்கடைக் குழிக்கு வேறு பெயர்: 'அபாயகரமான துப்புரவு'. பாதுகாப்புக் கடமைகளை வேலை கொடுத்தவர் நிறைவேற்றாமல் ஒருவரைக் குழிக்குள் இறக்கினால் அது அபாயகரமான துப்புரவு. ஏழாவது பிரிவு அதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். நல்லது. ஆனால் கடமையை நிறைவேற்றிவிட்டு இறக்கினால்? அப்போது அது அபாயமும் இல்லை, மலம் அள்ளுதலும் இல்லை. வெறும் வேலை. குழிக்குள் மனிதன் இறங்குவது இந்தச் சட்டத்தில் எங்கேயும் முழுசாகத் தடை செய்யப்படவில்லை. குழியின் மூடியைத் திறந்து, கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுதா என்று பார்த்து, ஓடினால் இறங்கலாம் என்று முடிவு செய்கிற எங்கள் ஆட்களின் விஞ்ஞானத்துக்குப் பதிலாக வாயு அளக்கும் கருவி வர வேண்டும் என்கிறது. வந்தால் சந்தோஷம். வந்த பிறகும் இறங்குகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்கவில்லை.

'அபாயகரமான துப்புரவு' என்பதைவிடச் சுத்தமான இடக்கரடக்கல் ஒன்றை நான் பார்த்ததில்லை. பீ என்ற சொல் இல்லை. கை இல்லை. ஆளும் இல்லை. நன்னூல்காரர் கூச்சத்தை மறைக்கத்தான் இந்த வழக்கைச் சொன்னார். இங்கே மறைந்தது ஆள்.

இது வெறும் சொல் விளையாட்டு என்பவர்கள் 2021ஐப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரியில் சமூகநீதி அமைச்சகம் மக்களவையில் ஒரு கணக்குச் சொன்னது: முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 340 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 43. அதே ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளுவதால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். இணையமைச்சர் ராம்தாஸ் அதாவாலே எழுத்துமூலம் தந்த பதில், அப்படி ஒரு சாவும் பதிவாகவில்லை என்பது. நாடே கொதித்தது. அமைச்சர் பொய் சொன்னார் என்று நாங்களும் மதுரையில் அட்டை பிடித்தோம். இப்போது அந்த அட்டையை நான் வேறு மாதிரி எழுதுவேன். அமைச்சர் பொய் சொல்லவில்லை. சட்டத்தின் இலக்கணப்படி அவர் வாக்கியம் சரி. குழியில் செத்தவர் 'அபாயகரமான துப்புரவில்' செத்தார், மலம் அள்ளி அல்ல. பின்னால் அரசு கொடுத்த விளக்கமும் அதுதான். அதில் சாவுக்கு வைத்த பெயர் 'விபத்து'. தகுதி வழக்கில் மங்கலம் என்பது இதுதான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

2013 செப்டம்பரிலேயே அந்தப் பதில் எழுதப்பட்டுவிட்டது. எட்டு வருஷம் கழித்து ஒருவர் வாசித்தார், அவ்வளவுதான்.

பெரியம்மா அடுத்துக் கேட்டது: "யாருத்தா எழுதுனது இத?"

பாராளுமன்றம் என்றேன். "ஓட்டு வாங்கிட்டுப் போனாய்ங்களே, அவெய்ங்களா உக்காந்து எழுதுனாய்ங்க?"

பத்தாம் வகுப்பில் சட்டம் உருவாகும் விதம் என்று ஒரு படம் வரைவோம். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, அம்புக்குறி போட்டு அடுத்த அவை, அங்கேயும் மூன்று, கடைசியில் குடியரசுத் தலைவர். அழகாக வரைந்தால் ஐந்து மதிப்பெண். அந்தப் படத்தில் பேனா யார் கையில் இருக்கிறது என்று போடுவதில்லை. வரைவை அமைச்சகத்து அதிகாரிகள் தயாரிக்கிறார்கள், சட்ட அமைச்சகத்தில் அதற்கென்றே உள்ள துறை வாசகத்தைச் செதுக்குகிறது, அமைச்சரவை ஒப்புகிறது. அதற்குப் பிறகுதான் அது அவைக்கு வருகிறது. இந்த மசோதா மக்களவையில் அறிமுகமானது 2012 செப்டம்பர் 3. முதல் வாசிப்பு என்று பெயரே தவிர யாரும் வாசிப்பதில்லை, அறிமுகம்தான். அங்கிருந்து நிலைக்குழுவுக்குப் போனது. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல் ஏற்பட்டவை; இரண்டு அவை உறுப்பினர்களும் கட்சிச் சண்டை குறைவாக உட்கார்ந்து மசோதாவைப் படிக்கிற ஒரே இடம் அதுதான். வெளியாட்களையும் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் குழு சொல்வது பரிந்துரை; அரசு ஏற்கலாம், விடலாம். இப்போதெல்லாம் பல மசோதாக்கள் குழு வாசலைக்கூட மிதிப்பதில்லை.

திரும்பி வந்த மசோதா 2013 செப்டம்பர் 6ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மறுநாளே மாநிலங்களவையிலும். அப்போது நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. துறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பிரிவாக எடுத்து ஓட்டுக்கு விட வேண்டும் என்பது விதி. எனக்கு இந்த முறை பிடிக்கும். உரையாசிரியர்கள் சூத்திரம் சூத்திரமாகப் போவது மாதிரி. நடைமுறையில் திருத்தம் யாரும் கொடுக்காத பிரிவுகளைக் கத்தையாகச் சேர்த்து, இந்தப் பிரிவு முதல் அந்தப் பிரிவு வரை மசோதாவின் பகுதியாகட்டும் என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். 'ஆம்' என்பவர் சத்தம் கூடுதலா, 'இல்லை' என்பவர் சத்தம் கூடுதலா என்று அவைத்தலைவர் காதால் அளப்பார். அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் போதும். ஒரு மனிதர் 'கருதப்படமாட்டார்' ஆவதற்கு அந்த ஒரு மூச்சு போதும்.

பிரிவு பிரிவாகப் போவது எப்போதும் நல்லதுக்கு என்றும் சொல்ல முடியாது. அம்பேத்கரின் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை 1951 செப்டம்பரில் பிரிவு பிரிவாக விவாதிக்கிறேன் என்று இழுத்து இழுத்தே கொன்றார்கள். அதே மாதம் அவர் சட்ட அமைச்சர் பதவியை விட்டார். சாசனத்தை எழுதும் குழுவுக்குத் தலைவராக இருந்தவரையே ஒரு மசோதாவில் சில பிரிவுகளுக்கு மேல் தாண்ட விடாத அவை அது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார்.

இதை நான் மேலவாசலில் சொல்லவில்லை. அங்கே வந்த கேள்வி வேறு. "நம்மாளுக யாரும் அங்கன இல்லையா?"

இருக்காங்க பெரியம்மா, 543 பேர்ல 84 பேர் என்றேன்.

"எம்பத்திநாலு பேரு இருந்துமா?"

இந்த இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனி வாக்காளர் தொகுதியாக மாகாண சபைகளில் நமக்குத் தந்தது 71 இடம். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் அதை 148 ஆக்கியது. கூடவே ஓட்டுப் போடுகிறவர்களை எல்லோருமாக ஆக்கியது. எண்ணிக்கை இரண்டு மடங்கானது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது. தமிழ்நாட்டில் இன்றைக்கு 39இல் 7 தனித்தொகுதி: திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி. மதுரையும் இல்லை, அதைச் சுற்றிய தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் ஒன்றும் இல்லை. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் பெரும்பாலும் மற்றவர்கள். அதற்கு மேலே 1985இல் வந்த 52ஆவது திருத்தம். கட்சி தாவலைத் தடுக்க வந்ததுதான், நியாயமும் உண்டு. ஆனால் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். 84 பேரும் சேர்ந்து அந்த விளக்கத்தை எடுத்துவிடு என்று நின்றிருக்க முடியுமா? அவரவர் கட்சி அவரவர் கழுத்தில். இதில் அந்த உறுப்பினர்களை மட்டும் திட்டுவது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மசோதாவை 2013இல் அவையில் நடத்தியவர் குமாரி செல்ஜா, தலித் பெண். மனசறிந்து நமக்குக் கெடுதல் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கைக்கு வந்தபோது வாக்கியம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டிருந்தது.

இன்னும் ஒன்று, எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துவது. சட்டத்தின் பெரும்பகுதி சட்டத்துக்குள் இல்லை. 'வகுத்துரைக்கப்படும்', 'அறிவிக்கப்படும்' என்று இரண்டு சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. இவைதான் அந்தக் கூட்டத்தாரின் குழூஉக்குறி. பொருள்: பின்னால் நாங்கள் அமைச்சகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். மலம் முழுதாக மக்கும் முன் என்று வரையறையில் ஒரு தொடர் உண்டு. மக்கிவிட்டதா என்பது வகுத்துரைக்கப்படும் முறைப்படி. அதாவது பீ எப்போது பீயாக இருப்பதை நிறுத்துகிறது என்று விதி சொல்லும். எந்த உறை மாட்டினால் ஆள் மறைவார் என்பதையும் விதி சொல்லும். விதிகள் அவையின் மேசையில் வைக்கப்படும்; அவற்றைப் பார்க்க ஒரு குழுவும் உண்டு. மேசையில் வைத்ததை எத்தனை பேர் எடுத்துப் புரட்டினார்கள் என்று கேட்காதீர்கள். கடைசிப் பிரிவு, 39, இன்னும் துணிச்சலானது. ஒரு பகுதியையோ ஒரு வகைக் கட்டடத்தையோ ஒரு வகை ஆட்களையோ இந்தச் சட்டத்திலிருந்து விலக்க அரசுக்கு அதிகாரம், ஒரு தடவைக்கு ஆறு மாசம் வரை. தடைச் சட்டத்தின் கடைசி வாசல் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது.

முகப்புரையை மறந்துவிட்டேன். அது நல்ல எழுத்து. கொடிய ஏற்றத்தாழ்வு கொண்ட சாதி அமைப்பிலிருந்துதான் இந்த வேலை வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறது. வரலாற்று அநீதியைத் திருத்த வேண்டும் என்கிறது. படித்தபோது கண் கலங்கியது, பொய் சொல்வானேன். உள்ளே போனால் குற்றங்களைச் சொல்லும் பிரிவுகளில் சாதி என்ற பேச்சே இல்லை. கக்கூஸ் இருக்கிறது, உறை இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. பாயிரத்தில் ஒரு பொருள் சொல்லிவிட்டு நூலில் வேறு பொருள் பேசுவது நூற்குற்றம் என்று முதலாண்டு மாணவிகூடச் சொல்வாள். இரண்டு வருஷம் கழித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வந்த 2015 திருத்தம், பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பதை வன்கொடுமை ஆக்கியது. சாதி திரும்பி வந்தது என்று கொண்டாடினோம். ஆனால் அங்கே 'கையால் மலம் அள்ளுபவர்' என்றால் யார்? 2013 சட்டம் சொல்லும் அதே பொருள்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உறை மாட்டியவர் அங்கேயும் மறைந்தார். அந்த ஒரு 'விளக்கம்' சட்டம் விட்டுச் சட்டம் பயணம் செய்கிறது.

நீதிமன்றம் சிலதைச் சரிசெய்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றார்கள்; 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் ஆறு பெருநகரங்களில் குழிக்குள் ஆளை இறக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். சென்னை அதில் இருக்கிறது. மதுரை இல்லை. அவை எழுதாமல் விட்டதைத் தீர்ப்பில் தேடுவது நமக்குப் பழகிவிட்டது. இறந்த பிறகு கிடைப்பதுதான் தீர்ப்பில் அதிகம்.

பெயர் மாற்றுவதிலும் குறை வைக்கவில்லை. 2020இல் தமிழ்நாட்டு அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியது. தோட்டி என்று கூப்பிட்ட வாயெல்லாம் மாறினால் நல்லதுதான். பெரியம்மாவிடம் கேட்டேன். "கூப்புடுறது நல்லாத்தான் இருக்கு. கூலிதான் பழைய பேரைச் சொல்லுது."

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குமேல் ஆகிவிட்டது. கலைந்து போக யாரும் எழுந்திருக்கவில்லை. சரி, நீங்க எழுதுனா எப்படி எழுதுவீங்க என்று கேட்டேன். தனி உறுப்பினர் மசோதா என்று ஒன்று உண்டு, அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை மதியத்தில் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள் என்று விளக்கினேன். இதுவரை அப்படிச் சட்டமானவை 14தான், கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எழுபதுக்குப் பொறகு ஒண்ணுமே இல்லையா என்று ஒருத்தர் வாயைப் பிளந்தார். ஆனாலும் எழுதினோம். விளக்கத்தை நீக்கு என்று மட்டும் போட்டால் போதும் என்பது என் யோசனை. அவர்கள் விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் வேண்டுமாம். ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். 'மலம்' என்று எழுதினால் ஒருத்தர் ஒப்புக்கொள்ளவில்லை. டெல்லிக்குப் போகிற தாளில் பீ என்று எப்படிப் போடுவது என்று இன்னொருத்தர். கால்மணி நேரம் இதே சண்டை. கடைசியில் நின்றது இது:

'பீ கெடக்குற எடத்துல மனுசனையோ மனுசியையோ எறக்குனவரு குத்தவாளி. உறை போட்டு எறக்குனாலும் குத்தவாளி. எறக்கச் சொன்னவரும், கண்டும் காணாம நின்னவரும் அதுல சேத்தி.'

எழுவாய் இருக்கிற வாக்கியம். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. வந்திருந்தவர்கள் கையெழுத்தும் கைநாட்டுமாகப் போட்டார்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் எட்டு நாளில் திரும்பி வந்தது. அதைப் பெரியம்மா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறார்கள். போன மாதம் அங்கே போனபோது எடுத்துக் காட்டி, இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னொரு தடவ வாசி என்றார். வாசித்தேன். தேதியும் முத்திரையும்தான். விடிந்தால் அஞ்சரைக்கு மஸ்டர் என்று படுக்கப் போய்விட்டார்.